ஜுரம் இல்லை, வெறும் சளிதான் என்று காத்திருக்கலாமா? சிறுநீரகம் மாற்றியவர்களும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியவை

கேள்வி இதுதான். கடலூர் முதுநகரில் இருக்கும் அக்காவுக்கு வயது 41, சிறுநீரகம் மாற்றி மூன்று வருடம் ஆகிறது. டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறார். பையன் பள்ளிக்கூடத்திலிருந்து சளியைக் கொண்டுவந்தான், இப்போது மூன்று நாளாக அக்காவுக்கு மூக்கு ஒழுகல், இருமல், உடம்பு வலி. ஜுரம் 99-ஐத் தாண்டவில்லை. மருந்துக்கடையில் கிளாரித்ரோமைசினும் ஒரு வலி மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் சாப்பிடவில்லை. சளி சரியாகும்வரை கிட்னி மாத்திரையை நிறுத்து என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. அம்மா கபசுரக் குடிநீர் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். அதே வீட்டில் மாமியாருக்கு மூட்டுவாதத்துக்காக வாராவாரம் மெத்தோட்ரெக்சேட், அவருக்கும் தும்மல் ஆரம்பித்துவிட்டது. சென்னை டாக்டரிடம் அடுத்த மாதம்தான் தேதி. அதுவரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் வாங்கிய இரண்டையும் கொடுக்க வேண்டாம், கிட்னி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். அவசரமாகப் படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும். காரணங்களைக் கீழே எழுதுகிறேன். நான் புதுச்சேரியில் பொது மருத்துவம் பார்க்கிறேன், ஐப்பசி பிறந்தால் என்னிடம் வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் மோசமான நிலையில் வந்து சேர்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் சொல்லும் ஒரே வார்த்தை, "ஜுரமே இல்லையே டாக்டர், அதனால்தான் பார்த்துக்கொள்ளலாம்னு இருந்தோம்."

ஜுரத்தை உண்டாக்குவது வைரஸ் கிடையாது, நம் உடம்பு. வைரஸ் நுழைந்ததும் வெள்ளை அணுக்கள் சில ரசாயனங்களைச் சுரக்கின்றன, அவை மூளைக்குப் போய் உடம்புச் சூட்டை ஏற்றுகின்றன. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு அந்த ரசாயனங்களைத்தான் அமுக்குகிறது. டாக்ரோலிமஸ் டி அணுக்கள் விழித்தெழுவதைத் தடுக்கிறது, மைக்கோஃபெனோலேட் அவை பெருகுவதைத் தடுக்கிறது. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு அந்நியம் என்று தாக்காமல் இருக்க இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும். ஆனால் வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிப்பதும் அதே டி அணுக்கள்தான். அதனால் இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறது, உள்ளே வைரஸ் நிதானமாகப் பெருகுகிறது, வெளியே அறிகுறி கம்மியாகத் தெரிகிறது. உங்களுக்கோ எனக்கோ ஒரு வாரத்தில் மூக்கிலிருந்து போய்விடும் வைரஸ் இவர்களிடம் பல வாரங்கள் தங்கும், நுரையீரலுக்கு இறங்க அதற்கு நேரம் கிடைக்கிறது. ஆகவே அக்காவின் 99-ஐ உங்கள் 99 மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமாக 97, 98 காட்டுகிறவருக்கு 99.5 காட்டி, கூடவே உடம்பு வலியும் இருமலும் இருந்தால், என் கணக்கில் அது ஜுரம்தான்.

எல்லா மாத்திரையும் ஒரே அளவு ஆபத்து இல்லை என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் எல்லோரும் பயந்துபோவீர்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான். மெத்தோட்ரெக்சேட் தனியாக வாரம் ஒரு முறை என்றால் ஆபத்து கொஞ்சம்தான் கூடுகிறது. பிரெட்னிசோலோன் அளவைப் பொறுத்தது, தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு வாரத்துக்கு மேல் போனால் எதிர்ப்புச் சக்தி நன்றாகவே குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளவேண்டும், 5 மில்லிகிராம் என்றாலும் வருடக்கணக்கில் சாப்பிட்டால் அதற்கும் ஒரு விலை உண்டு. சைக்ளோஃபாஸ்ஃபமைடு, உறுப்பு மாற்றிய முதல் வருடம், நிராகரிப்புக்கு (மாற்றிய உறுப்பை உடம்பே தாக்குவதற்கு) சிகிச்சை எடுத்த அடுத்த சில மாதங்கள், இதெல்லாம் உச்சத்தில் இருப்பவை. ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டவர்கள் ஒரு தனி வகை. எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் பி அணுக்களையே அது துடைத்துவிடுகிறது, அவை திரும்பி வர ஆறு மாதமாவது ஆகும், சிலருக்கு அதைவிட அதிகம். அவர்களுக்குக் கோவிட் வந்தால் போனது போலப் போய் மறுபடி ஜுரம், மறுபடி இருமல் என்று வாரக்கணக்கில் இழுத்தடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே "எனக்கும்தான் சளி வந்தது, தானாகப் போச்சு" என்று ஒருவர் இன்னொருவருக்கு ஆலோசனை சொல்லவே கூடாது.

அடுத்தது மருந்துக்கடை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் சளியைவிட சளிக்குக் கொடுத்த மாத்திரையால் கெட்டுப்போனவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாகூர் பக்கத்திலிருந்து ஒருவர், சிறுநீரகம் மாற்றியவர், சளிக்காக ஐந்து நாள் கிளாரித்ரோமைசின் சாப்பிட்டுவிட்டு வந்தார். சளி போய்விட்டது. ஆனால் இரண்டு கையும் நடுங்குகிறது, காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் கொட்டுகிறது, தலைவலி, தூக்கமில்லை. இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைப் பார்த்தால் இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் கூடும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. காரணம் எளிது. டாக்ரோலிமஸை உடைத்து வெளியேற்றும் என்சைம் ஒன்று கல்லீரலிலும் குடலிலும் இருக்கிறது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் இரண்டும் அந்த என்சைமைக் கட்டிப்போடுகின்றன. பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் ஆகியவையும் அப்படித்தான். மாத்திரை அதே எண்ணிக்கைதான் உள்ளே போகிறது, வெளியே போகிற வழி அடைந்துவிடுவதால் இரத்தத்தில் தேங்குகிறது, தேங்கினால் மாற்றிய சிறுநீரகத்தையே அது நசுக்கும். பம்ப்ளிமாஸ் பழமும் இதே வேலையைச் செய்யும், இருமலுக்குப் பழச்சாறு கொடுக்கிறேன் என்று அதைக் கொடுத்துவிடாதீர்கள். டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர், என்சைமை முடுக்கிவிட்டு டாக்ரோலிமஸ் அளவைத் தரைக்குக் கொண்டுவந்துவிடும், பிறகு நிராகரிப்பு. இந்த வகை ஆன்டிபயாடிக் உண்மையிலேயே தேவைப்பட்டால் அசித்ரோமைசின் ஓரளவு சாது, அதையும் அக்காவின் மாத்திரைகளைப் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் எதுவுமே வேலை செய்யாது என்பது தனிக்கதை.

வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நிமெசுலைடு, எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம். டாக்ரோலிமஸ் ஏற்கெனவே சிறுநீரகத்துக்குள் இரத்தம் வரும் குழாயைச் சுருக்கி வைத்திருக்கிறது, இவை இன்னும் சுருக்கும். சாப்பாடு இறங்காமல் தண்ணீரும் குறைவாகக் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு நாள் போதும், கிரியாட்டினின் எகிறும். உடம்பு வலிக்குப் பாரசிட்டமால் 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளியில், அது போதும். சளி மாத்திரை என்று விற்பவற்றில் பாரசிட்டமால் கலந்தே இருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. மூக்கடைப்பைத் திறக்கும் ஃபினைல்எஃப்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது, மாற்றுச் சிறுநீரகக்காரர்களில் பலருக்கு ஏற்கெனவே அழுத்தம் அதிகம், அதனால் அதுவும் வேண்டாம். உப்புத் தண்ணீர் சொட்டும் ஆவியும் போதும். அப்புறம் அட்டையே இல்லாமல் காகிதத்தில் மடித்து நாலு மாத்திரை தருவார்களே, அதை வாங்கவே வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு இருக்கும், இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும், நோய் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

அத்தை சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும், எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தினால் எதிர்ப்பு திரும்பி வந்து சளியை விரட்டும் என்று. திரும்பி வரத்தான் செய்யும், ஆனால் முதல் வேலையாகப் போய் நிற்பது சிறுநீரகத்தின் மேல். வைரஸ் தொற்று நேரத்தில் உடம்பு ஏற்கெனவே கிளர்ந்துபோய் இருக்கும், அந்தச் சமயத்தில் மாத்திரையை விட்டால் நிராகரிப்புக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி. பிரெட்னிசோலோனை நிறுத்துவது இன்னும் உடனடி ஆபத்து. வருடக்கணக்கில் அது உள்ளே போனதால் உடம்பின் சொந்த அட்ரினல் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும். நோய் வந்தால் உடம்புக்குச் சாதாரண நாளைவிட அதிக ஸ்டீராய்டு தேவை. அந்த நேரத்தில் இருப்பதையும் நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், அழுத்தம் விழுதல், சர்க்கரை விழுதல் என்று ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். பல நேரம் டாக்டர்கள் ஜுர நாட்களில் அந்த அளவைக் கூட்டித்தான் தருவார்கள். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை என்றால் ஊசியாகப் போட்டாக வேண்டும், அது வீட்டில் காத்திருக்கிற விஷயம் இல்லை.

குறைக்க வேண்டிய சூழ்நிலையும் உண்டு. நிமோனியா என்று தெரிந்தால் சிறுநீரக டாக்டர் முதலில் குறைப்பது அல்லது சில நாள் நிறுத்துவது மைக்கோஃபெனோலேட்டைத்தான், டாக்ரோலிமஸை அளவு பார்த்துத் தொடர்வார், ஸ்டீராய்டை விடமாட்டார். அந்த முடிவு அவருடையது. சென்னைத் தேதி அடுத்த மாதம் என்றாலும் மாற்று அறுவைச் சிகிச்சை செய்த இடத்தில் அநேகமாக ஒரு ஒருங்கிணைப்பாளர் எண் கொடுத்திருப்பார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இருக்கும். இன்றைக்கே அதற்குப் பேசுங்கள். சளிக்கெல்லாம் போன் பண்ணுவதா என்று கூச்சப்படாதீர்கள், அவர்கள் எதிர்பார்ப்பதே அந்தப் போனைத்தான்.

கபசுரக் குடிநீரைப் பற்றிச் சொன்னால் அம்மாவுக்கு வருத்தமாக இருக்கலாம். மற்றவர்களுக்கு நான் மறுப்பதில்லை. ஆனால் அதில் சீந்தில் இருக்கிறது. கோவிட் காலத்தில் சீந்திலைத் தனியாகத் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் சிலருக்கு, எதிர்ப்பு அணுக்கள் தன் கல்லீரலையே தாக்கும் வகை மஞ்சள் காமாலை வந்ததை மும்பை டாக்டர்கள் முதலில் பதிவு செய்தார்கள், பிறகு நாட்டின் வேறு இடங்களிலிருந்தும் அப்படியே வந்தது. எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடும் எந்தப் பொருளும், அது மூலிகையோ டப்பா பவுடரோ, எதிர்ப்பைக் கட்டி வைத்திருக்க வேண்டிய அக்காவுக்கு ஆகாது. சுடுதண்ணீர், மிளகு ரசம், இளஞ்சூட்டில் கஞ்சி, இதில் அம்மாவின் கைப்பக்குவம் தாராளமாகப் போகட்டும்.

சரி, எங்கே போவது, என்ன பார்ப்பார்கள். கடலூரில் மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, தெற்கே சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வடக்கே புதுச்சேரியில் இந்திரா காந்தி அரசு மருத்துவமனையும் கோரிமேட்டில் ஜிப்மரும். முதல் பரிசோதனைக்கு எது பக்கமோ அங்கே போங்கள். மூச்சுத் திணறலோ ஆக்சிஜன் குறைவோ இருந்தால் 108-ஐ அழைத்து நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், புறநோயாளி வரிசையில் நிற்கவேண்டாம். வரிசையில் நிற்கத்தான் வேண்டும் என்றால் என்-95 முகக்கவசம் போட்டு, சீட்டு வாங்குவதை நீங்கள் பார்த்துக்கொண்டு, அக்காவைக் காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். அந்தக் கூட்டத்தில் இருக்கும் மற்றவர்களின் வைரஸும் சேர்ந்து வந்துவிடக் கூடாது.

டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகவே "சிறுநீரகம் மாற்றியவர், டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறார்" என்று சொல்லுங்கள். நிறையப் பேர் சளியைப் பற்றியே ஐந்து நிமிடம் பேசிவிட்டு, எழுந்து போகும்போது கதவருகில் நின்று இதைச் சொல்வார்கள். மாத்திரைப் பை முழுவதையும் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்து இன்ஃப்ளூயன்ஸாவுக்கும் கோவிட்டுக்கும் பிசிஆர் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் அட்டைச் சோதனையில் நெகட்டிவ் வந்தால் இவர்கள் விஷயத்தில் அதை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. ஆர்.எஸ்.வி., பாரா இன்ஃப்ளூயன்ஸா, அடினோ, மனித மெட்டாநிமோ வைரஸ் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் சோதனை தனியாரில் சில ஆயிரம் ரூபாய் ஆகும், மார்பில் பிரச்சினை இருந்தால் அது செலவுக்குத் தகும், வெறும் மூக்கொழுகலுக்கு எல்லோருக்கும் தேவையில்லை. எக்ஸ்ரே முதல் நாட்களில் சுத்தமாக இருந்தும் சிடி ஸ்கேனில் திட்டுத்திட்டாகத் தெரியும், ஆகவே எக்ஸ்ரே நார்மல் என்பதோடு கதை முடிந்துவிடாது. இரத்த அணுக்கள், கிரியாட்டினின், பொட்டாசியம், டாக்ரோலிமஸ் அளவு, இவை கட்டாயம்.

ஃப்ளூ என்ற சந்தேகம் வந்தாலே ஓசல்டமிவிர் ஆரம்பித்துவிட வேண்டும், முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம் என்பது உண்மை, அக்காவுக்கு அது தாண்டிவிட்டது, ஆனாலும் எதிர்ப்பு குறைந்தவர்களுக்குத் தாமதமாகக் கொடுத்தாலும் பயன் உண்டு, அதனால் கொடுப்போம். வழக்கமான அளவு 75 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். கிரியாட்டினினைப் பொறுத்து அதைக் குறைக்க வேண்டியிருக்கும், வைரஸ் இழுத்தடித்தால் நாட்களை நீட்டவேண்டியும் வரும். கோவிட் என்று வந்தால் ஒரு எச்சரிக்கை. நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரையில் இருக்கும் ரிட்டோனாவிர், நான் மேலே சொன்ன அதே என்சைமைக் கிளாரித்ரோமைசினைவிடக் கடுமையாகக் கட்டிப்போடும். டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவருக்கு சிறுநீரகக் குழுவைக் கேட்காமல் அதைக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. ஆரம்பத்திலேயே மூன்று நாள் ரெம்டெசிவிர் ஊசி போடுவது இவர்களுக்குச் சுலபமான வழி. டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கு மட்டும்தான், குறையாதவர்களுக்குக் கொடுத்தால் நன்மை இல்லை.

இன்னொன்று, நம் ஊர்ப்பக்கம் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தக் கடற்கரை ஓரத்தில் மழையும் பனியும் உள்ள மாதங்களில் இருமலோடு வருவதெல்லாம் வைரஸ் இல்லை. ஸ்க்ரப் டைஃபஸ் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் முழுக்க இருக்கிறது. சின்ன உண்ணி கடித்து வரும் ஜுரம், கவனிக்காமல் விட்டால் நுரையீரலைப் பிடிக்கும். பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், இடுப்பு நாடா கட்டும் இடம், மார்புக்குக் கீழ் மடிப்பு, தொடை இடுக்கு, இங்கெல்லாம் வீட்டில் யாராவது பெண்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தால் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் ஓரிரு நாளில் ஜுரம் இறங்கிவிடும், தெரியாமல் விட்டால் வென்டிலேட்டர். மெலியாய்டோசிஸ் என்று இன்னொன்று, ஈரமண்ணிலும் வயல் தண்ணீரிலும் இருக்கும் பாக்டீரியா, சர்க்கரை உள்ளவர்களையும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களையும் தேடிப் பிடிக்கும், கனமழைக்குப் பிறகு நிமோனியாவாக வரும். ஸ்டீராய்டு சாப்பிடுகிற யாரும் வெள்ளத் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியை டிபிக்குச் சோதிக்க வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். வறட்டு இருமல், உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை, கழிவறைக்கு நடந்து வந்தால் மூச்சு இரைக்கிறது, ஸ்டெதாஸ்கோப்பில் நெஞ்சு சுத்தமாகக் கேட்கிறது, இப்படி என்றால் நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையை நினைக்க வேண்டும். மாற்று அறுவைக்குப் பிறகு சில மாதம் கொடுக்கும் செப்ட்ரான் மாத்திரை அதைத் தடுக்கத்தான்.

வீட்டில் பார்க்க வேண்டியது மூச்சு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வைத்திருங்கள். நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தால் எண் தப்பாக வரும், விரல் சில்லிட்டிருந்தாலும் அப்படித்தான், கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, எண் ஒரே இடத்தில் நின்ற பிறகு எழுதுங்கள். அதோடு நிறுத்தாமல் வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டி நடந்ததும் 92 காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நுரையீரல் பாதித்திருப்பதை அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். 94-க்குக் கீழே வந்தாலோ, நடந்ததும் நாலு புள்ளிக்கு மேல் இறங்கினாலோ மருத்துவமனை. தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், 24-க்கு மேல் போனாலும் அப்படியே. சிறுநீர் குறைந்தால், குழப்பமாகப் பேசினால், மாற்றிய சிறுநீரகம் இருக்கும் அடிவயிற்றில் வலி வந்தால் நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் சொல்லுங்கள், சாப்பாட்டுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள், பேதியின்போது டாக்ரோலிமஸ் அளவு ஏறும். முக்கியமாக, சளி குறைந்து ஐந்தாறு நாளில் எழுந்து நடமாட ஆரம்பித்தவருக்குத் திடீரென்று குளிர் ஜுரமும் மஞ்சள் சளியும் வந்தால் அது வைரஸுக்குப் பின்னால் வரும் பாக்டீரியா நிமோனியா, ஆன்டிபயாடிக் உண்மையிலேயே தேவைப்படும் நேரம் அது. சளி முழுக்கச் சரியான பிறகும் ஓரிரு வாரத்தில் ஒரு கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள்.

மாமியார் விஷயம் இவ்வளவு தீவிரமில்லை. தும்மல் மட்டும் என்றால் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். ஜுரமோ நெஞ்சுச் சளியோ வந்தால் அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைத் தள்ளிவைப்பதை அவருடைய மூட்டு டாக்டர் அனுமதிப்பார், ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போனால் மூட்டு ஒன்றும் கெட்டுவிடாது. அவருக்குச் செய்யக்கூடாதது ஒன்றுதான், செப்ட்ரான். அக்காவுக்குப் பாதுகாப்பாகக் கொடுத்த அதே மாத்திரை, மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையை முடக்கி, வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளை அணு, தட்டணு எல்லாம் சரிந்துவிடும். ஒரே வீட்டில் இருப்பதால் ஒருவர் அட்டையிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிடுவது நடக்கும், ஆகவே இரண்டு பேர் மாத்திரையையும் வேறு வேறு டப்பாவில், வேறு வேறு அலமாரியில் வையுங்கள். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவருக்குப் புதிதாக வறட்டு இருமலும் மூச்சு வாங்கலும் வந்தால் அந்த மருந்தே நுரையீரலைப் பாதித்திருக்கலாம் என்பதால் அதையும் சளி என்று தள்ளக் கூடாது.

இந்தத் தடவை சரியானதும் தடுப்பூசி. ஃப்ளூ ஊசி வருடா வருடம் போட வேண்டும், அதன் கலவையை உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அறிவிக்கிறது. நமக்குப் பெரிய அலை வடகிழக்குப் பருவமழையோடு வருவதால் ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுவிடுவது நல்லது. முன்பு நாலு வைரஸுக்கான ஊசி இருந்தது, இப்போது மூன்று என்று இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நாலாவதாக இருந்த பி யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகத் தென்படவில்லை, அதனால்தான் எடுத்தார்கள், தரம் ஒன்றும் குறையவில்லை. மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்து உயிருள்ள வைரஸ், அது அக்காவுக்குக் கூடாது, சின்னம்மை, தட்டம்மைத் தடுப்பூசிகளும் அப்படியே. நிமோகாக்கஸ் நிமோனியா ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். இவர்களுக்கு ஊசி பிடிக்கும் அளவு மற்றவர்களைவிடக் குறைவு, அதனால் உங்களுக்கும் அத்தானுக்கும் பையனுக்கும் ஃப்ளூ ஊசி போடுவது அக்காவுக்குப் போடுவதற்குச் சமம். மாமியாருக்கு ஃப்ளூ ஊசி போட்டபின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி வைத்தால் ஊசி நன்றாக வேலை செய்கிறது, மூட்டு கட்டுக்குள் இருந்தால் டாக்டரே அப்படிச் சொல்வார்.

கடலூர்க்காரர்களுக்குப் புயலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறி ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்ததும் மறந்திருக்காது. டாக்ரோலிமஸ் எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஐப்பசி முதல் மார்கழி முடியும்வரை இரண்டு வார மாத்திரை கையிருப்பு தனியாக, தண்ணீர் புகாத பையில், டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு இருக்கட்டும். அடாலிமுமாப், எட்டனெர்செப்ட் மாதிரி ஃபிரிட்ஜில் வைக்கும் ஊசி போடுகிறவர்கள் கரண்ட் போனால் எங்கே வைப்பது என்று முன்பே யோசித்து வையுங்கள். முகாமில் தங்க நேர்ந்தால் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம், கூட்டத்தில் ஒரு இருமல் போதும்.

நாளைக் காலை ஒரு விஷயம் மறக்காதீர்கள். டாக்ரோலிமஸ் அளவுக்கான இரத்தம், முந்தின இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுகிறவர் என்றால் காலை எட்டுக்கு இரத்தம். ஆகவே காலை டாக்ரோலிமஸைப் பையில் எடுத்துப் போங்கள், இரத்தம் கொடுத்தவுடன் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும். பிரெட்னிசோலோனை வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம். பிசிஆர் முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், ஆக்சிமீட்டர் எண்களையும் நடப்பதற்கு முன், நடந்த பின் என்று சேர்த்து எழுதுங்கள்.